முறிந்த எலும்பும் ஒலிச் சிகிச்சையும்

(அறநிதியின் ஆண்டுக் கூட்டத்தில் பிசியோதெரபி சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்த இளைஞர்களையும், குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்த முதியவர்களையும் அன்றாடம் பார்க்கும் தொழில் என்னுடையது. அவர்களுக்காக அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றை நமது அறநிதியே வாங்கித் தரலாமா என்று உபயகாரர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்லுள்ளத்தில் எழுந்த கேள்வி. அதற்கு விடையாகவே சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே வகை ஒலிதான் இதுவும். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இக்கருவி எழுப்புவதோ 15 லட்சம் அதிர்வுகள். ஆனால் வலிமை மிகக் குறைவு. சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட்தான். முறிவுக்கு நேர் மேலே தோலில் பசை தடவி, நாள்தோறும் 20 நிமிடம் வைக்க வேண்டும். சூடும் தெரியாது, வலியும் இராது. அந்த மெல்லதிர்வு எலும்பு வளர்க்கும் உயிரணுக்களைத் தூண்டும் என்பதே இதன் அடிப்படை.

1994ல் வெளிவந்த ஓர் ஆய்வு பெரும் நம்பிக்கை அளித்தது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு முறிந்தவர்களில், ஒலி பெற்றவர்களுக்குச் சராசரி 96 நாளிலும், பெறாதவர்களுக்கு 154 நாளிலும் எலும்பு கூடியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசும் கருவிக்கு அனுமதி அளித்தது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 501 பேரைக் கொண்டு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உண்மைக் கருவி. மீதிப் பேருக்குப் பார்க்க அதைப் போலவே இருந்தும் ஒலி எழுப்பாத கருவி. 2016ல் முடிவு வந்தது. எலும்பு கூடுவதிலும் சரி, எழுந்து நடமாடுவதிலும் சரி, இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. 2017ல் நிபுணர் குழு ஒன்று, எலும்பு முறிவுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே உறுதியாகப் பரிந்துரைத்தது. ஒன்பது மாதமாகியும் கூடாத நீண்ட எலும்புகளுக்கு மட்டும் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2013ல் ஆதரவு தெரிவித்திருந்தது. அத்தகைய நோயாளிக்கு எது தக்கது என்பதை எலும்பு மருத்துவரே முடிவு செய்யட்டும்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துபவை சிகரெட், கட்டுக்கடங்காத நீரிழிவு, சத்தற்ற உணவு. வண்டிச் செலவுக்குப் பணமின்றி மறு பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவோரும் உண்டு. அவர்களின் போக்குவரத்துக்கும், முட்டை, பால், பருப்புக்கும், ஊன்றுகோலுக்கும், முதியோர் குளியலறையில் கைப்பிடி பொருத்தவும் உங்கள் வெள்ளி பயன்படட்டும். ஒரு கருவியின் விலையில் பல குடும்பங்கள் நிமிரும்.