ஏற்றாத திரிகள்

கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு ஞாயிறன்று கிறிஸ்தவ ஆலயங்களில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. அட்வென்ட் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பீடத்தருகே பச்சைத் தழை சுற்றிய வளையம் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் நான்கு மெழுகுதிரிகள். ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். இந்தச் சின்ன வழக்கம் எதிர்நோக்கை எவ்வளவு நன்றாகச் சொல்லித் தருகிறது, எங்கே மெலிந்துபோயிற்று என்று பார்க்கலாம்.

ஆதித் திருச்சபையிலிருந்தே வரும் சடங்கு என்று இதை நினைப்பவர்கள் உண்டு. இதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரை ஒட்டிய ஹோர்ன் என்ற ஊரில், 1833இல் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். ரௌஹெஸ் ஹௌஸ் என்று அதற்குப் பெயர். துறைமுக நகரத்தின் வறுமையிலிருந்து வந்த பிள்ளைகள். டிசம்பர் நெருங்கினால் நச்சரிப்பு தாங்காது: கிறிஸ்துமஸ் எப்போது, இன்னும் எத்தனை நாள்?

1839இல் விஹெர்ன் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தை எடுத்து, அதன்மேல் நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும் இருபது சின்னச் சிவப்புத் திரிகளையும் பொருத்தினார். ஞாயிறன்று பெரியது, மற்ற நாளில் சின்னது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதியே ஞாயிறு. ஆகவே 24ஆம் தேதிவரை 24 திரிகள், கணக்கு சரி. ஜெபம் செய்யும் கூடத்தில் நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள்.

இதன் நேர்த்தியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டிசம்பரில் ஹாம்பர்க்கில் மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். 21, 22ஆம் தேதிவரை பகல் குறுகிக்கொண்டே போகும். அதே நாள்களில் சக்கரத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே வரும். விளக்கவுரை எதற்கு? இன்னொன்று: எண்ணத் தெரியாத பிள்ளைக்கும், ஏற்றாமல் நிற்கும் திரிகளைப் பார்த்தால் இன்னும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். காத்திருப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ததுதான் அந்த மனிதரின் கைவண்ணம்.

பிறகு அது வீடுகளுக்குப் போயிற்று. சாப்பாட்டு மேசையில் வண்டிச்சக்கரத்தை எங்கே வைப்பது? நான்கு திரியோடு சுருங்கிற்று. 1925இல் கொலோன் நகரத்துக் கத்தோலிக்கக் கோவில் ஒன்றிலும் இடம்பிடித்தது. ஊதா நிறம் மூன்று, இளஞ்சிவப்பு ஒன்று என்ற ஏற்பாடு வந்தது. திரிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது: முதல் திரி எதிர்நோக்கு, மற்றவை சமாதானம், மகிழ்ச்சி, அன்பு. இந்தப் பெயர்சூட்டல் எனக்கு உடன்பாடில்லை. எதிர்நோக்கை முதல் வாரத்திலேயே ஏற்றி முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதா? விஹெர்னின் சக்கரத்தில் எதிர்நோக்குக்கென்று தனித்திரி கிடையாது. அங்கே அது இன்னும் ஏற்றாத திரிகளில்தான் இருந்தது.

ஆலயத்தில் வாசிக்கும் பகுதிகளும் இதைத்தான் சொல்கின்றன. முதல் ஞாயிறன்று நற்செய்தி வாசகத்தில் மாட்டுத் தொழுவமும் இல்லை, பாலனும் இல்லை. உலக முடிவும், விழித்திருங்கள் என்ற எச்சரிக்கையும்தான். குடிலை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். மூன்றாம் ஞாயிறு இன்னும் விசேஷம். கத்தோலிக்கர் அதை மகிழ்ச்சி ஞாயிறு என்பார்கள். இளஞ்சிவப்புத் திரி அன்றைக்குத்தான். வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாண்டில் அன்று வாசிப்பது சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவானைப் பற்றி. வரப்போகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று அவர் இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசுவின் வருகையை ஊரெல்லாம் கூவி அறிவித்தவருக்கே சந்தேகம். அந்தக் கேள்வியை மகிழ்ச்சி ஞாயிற்றில் கொண்டுபோய் வைத்தார்களே, அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். கிறிஸ்தவ எதிர்நோக்கு சந்தேகத்தை வெளியே தள்ளிக் கதவடைப்பதில்லை.

சிறை என்றதும் பெர்லினின் டேகல் சிறை நினைவுக்கு வருகிறது. ஹிட்லரை எதிர்த்துப் பிடிபட்ட லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1943 நவம்பரில் அங்கிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் திருவருகைக் காலத்தைச் சிறை அறைக்கு ஒப்பிட்டார். உள்ளே இருப்பவர் ஏதேதோ செய்துகொண்டு காத்திருக்கலாம். கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மறு ஆண்டு டிசம்பரில் அதே சிறையில் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குரு, கைவிலங்கோடு இந்தக் காலத்துக்கான தியானங்களை எழுதினார். இருவருமே விடுதலையாகி வரவில்லை. டெல்ப் 1945 பிப்ரவரி 2 அன்றும், போன்ஹோஃபர் ஏப்ரல் 9 அன்றும் தூக்கிலிடப்பட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற ஆறுதல் அல்ல, அவர்கள் எழுதியது. முடியாவிட்டாலும் கடவுள் வருகிறார் என்பதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, கதவு வெளியிலிருந்துதான் திறக்கும் என்றால் உள்ளே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? இதற்குப் பதில் சொன்னவர் மறுபடியும் ஒரு ஹாம்பர்க்காரர், இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன். 1943 ஜூலையில் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்குப் பதினேழு வயது. பக்கத்தில் நின்ற நண்பன் செத்துவிழ, இவர் பிழைத்தார். விஹெர்னின் இல்லத்திலும் பெரும்பகுதி அந்தக் குண்டுவீச்சில்தான் அழிந்தது. மோல்ட்மன் 1964இல் வெளியிட்ட ‘எதிர்நோக்கின் இறையியல்’ நூல் வற்புறுத்துவது இதைத்தான்: எதிர்நோக்கு உள்ளவர் இருக்கிற உலகத்தோடு சமாதானம் செய்துகொள்ள மாட்டார். விஹெர்ன் செய்ததும் அதுவே. திரி ஏற்றியதோடு நிற்காமல் அந்தப் பிள்ளைகளுக்குத் தொழிலும் கற்றுக்கொடுத்தார்.

நம் ஊரில் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஸ்டார் தொங்கிவிடுகிறது, கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பிவிடுகிறது, கேக் வெட்டியாகிவிடுகிறது. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் காத்திருக்க நாளே மிஞ்சுவதில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஆண்டு நான்கு திரியோடு நிறுத்தாமல் முழுக் கணக்கையும் வைத்துப் பாருங்கள். முதல் ஞாயிறு எந்தத் தேதியில் வருகிறது என்பதைப் பொறுத்து 22 முதல் 28 திரிகள் வரை தேவைப்படும். சக்கரம் கிடைக்காவிட்டால் ஒரு தாம்பாளம் போதும். ஏற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.