நான்கு எழுத்து, எட்டு ஓசை

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இலை போட்ட பிறகு பேசுகிறவனை யாரும் மன்னிப்பதில்லை. அதனால் நாலே நாலு எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓ, யூ, ஜி, எச். ஆங்கிலத்தில் இவை இந்த வரிசையில் சேர்ந்து வந்தால் எப்படி வாசிப்பது?

'ஆனாலும்' என்ற பொருளில் வந்தால் தோ. 'வழியாக' என்றால் த்ரூ. முரட்டுத்தனம் என்றால் ரஃப். இருமல் வந்தால் காஃப். மரக்கிளை என்றால் பவ். எண்ணம் என்றால் தாட். முழுமையான என்றால் தரா. விக்கல் வந்தால் ஹிக்கப். எண்ணிப் பாருங்கள், எட்டு ஓசை! மாத்திரை அளந்து எழுத்தைச் சொல்லித் தந்த தொல்காப்பியர் இதைப் பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.

இந்த ஜி, எச் ஜோடியைக் கிண்டல் செய்யவே ஒரு சொல் உண்டு. 'இனஃப்' கடைசியில் ஜி, எச் இரண்டும் 'ஃப்' ஆகிறது. 'விமன்' என்பதில் ஓ 'இ' ஆகிறது. 'நேஷன்' என்பதில் டி, ஐ இரண்டும் 'ஷ்' ஆகிறது. ஆகவே ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதிவிட்டு 'ஃபிஷ்' என்று வாசிக்கலாமாம்! இதைப் பெர்னார்ட் ஷா சொன்னதாகவே பலரும் சொல்வார்கள். ஆனால் 1855-ல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இது இருக்கிறது. ஷா பிறந்தது 1856-ல்! அந்த எழுத்துகளை அப்படியே கூட்டி வாசித்தால் 'கோட்டி' என்று வரும். திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று மற்றவர்கள் அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இந்தக் கோட்டித்தனம் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அந்த ஜி, எச்சுக்கு உண்மையாகவே ஓசை இருந்தது. ஜெர்மன்காரர் இரவை 'நாஹ்ட்' என்று தொண்டையைக் கனைத்துச் சொல்வார். ஆங்கிலேயரும் 'நைட்' என்ற சொல்லில் அப்படித்தான் கனைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆய்தத்துக்கு ஏறக்குறையப் பக்கத்து வீட்டு ஓசை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுப் பழக்கமுள்ள எழுத்தர்கள் அந்த ஓசைக்கு ஜி, எச் என்று எழுதத் தொடங்கினார்கள்.

வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது. நாக்கு உறையவில்லை. சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. தொண்டைக் கனைப்பும் மறைந்தது. சில சொற்களில் சுவடில்லாமல் போனது, சிலவற்றில் 'ஃப்' ஆக மாறியது. காகிதத்தில் மட்டும் பழைய ஜி, எச் அப்படியே நிற்கிறது, குடி போன வீட்டின் பெயர்ப் பலகை மாதிரி.

விக்கல் கதை இன்னும் வேடிக்கை. அது விக்கும் சத்தத்தை வைத்து வந்த சொல். இருமலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரோ நினைத்ததால் இருமலின் வால் அதற்கும் ஒட்டிக்கொண்டது. த்ரூவும் தராவும் ஒரே சொல்லிலிருந்து பிரிந்த அண்ணன் தம்பிகள்.

நம் தமிழிலும் கல், தங்கம், மகன் மூன்றிலும் 'க' மூன்று விதமாக ஒலிக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் தமிழில் எழுத்து நிற்கும் இடமே ஓசையைச் சொல்லிவிடும். இங்கே அப்படி இல்லை, சொல்லைக் கேட்டிருந்தால்தான் தெரியும். கேட்க வாய்ப்பில்லாதவன் என்ன செய்வான்?

பி.யூ.சி.யில் என்னோடு படித்தவர் ஒருவர். பத்து வயதிலிருந்து ஏர் பிடித்தவர், கணக்கில் முதல் மார்க். ஒரு நாள் ஆங்கில வகுப்பில் அவரை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். வந்தது 'ப்ளவ்' என்ற சொல், அதாவது ஏர். அவர் 'ப்ளஃப்' என்று வாசித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஏரைப் பற்றி அந்த அறையில் அவரைவிட அறிந்தவர் யாரும் இல்லை! ரஃப், டஃப், இனஃப் என்று படித்தவர் ப்ளஃப் என்று வாசித்தது சுத்தமான தர்க்கம். அமெரிக்காவில் அந்த ஏரை ஜி, எச் இல்லாமல் பி, எல், ஓ, டபிள்யூ என்றே எழுதுகிறார்கள். அங்கே பிறந்திருந்தால் அவருக்குத் தொல்லையே இல்லை. அதன் பிறகு வருஷம் முடியும்வரை அவர் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கும் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பின் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்காருவது நமக்குத் தெரிந்ததுதான். அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, குறை உன் நாக்கில் இல்லை, அந்த எழுத்தின் சரித்திரத்தில் இருக்கிறது. இரண்டு, பயப்படாதே, வழி உண்டு. நாலெழுத்துக்குப் பின்னால் 'டி' வந்தால் 'ஆட்' என்று வாசி: தாட், பாட், ப்ராட், ஃபாட், சாட். வறட்சியைக் குறிக்கும் 'ட்ரவுட்' ஒன்றை விலக்காக நினைவில் வை. ரஃப், டஃப், இனஃப் ஒரு குடும்பம். காஃப், ட்ராஃப் ஒரு குடும்பம். பவ், ப்ளவ் இன்னொன்று. தோ, டோ, ஆல்தோ வேறொன்று. மிச்சத்தைக் கை விரலில் எண்ணிவிடலாம்.

போன் வைத்திருக்கிற பிள்ளைக்கு உச்சரிப்பு இப்போது விரல் நுனியில் கிடைக்கிறது. கிடைக்காதது, சிரிக்காமல் கேட்கிற ஒரு காது. அதை நாம் கொடுக்கலாம். சங்கத்தின் சார்பில் பரிசும் பணமும் கொடுக்கிறோம், நல்லது. அதோடு மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், உள்ளூரில் இருக்கும் நம்மில் நாலு பேர் இங்கே வந்து உட்காருவோம். முதலாண்டுப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கட்டும், நாம் கேட்போம். திருத்த வேண்டிய இடத்தில் மெதுவாகத் திருத்துவோம். பேராசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. பாங்கியில் இருந்தவர், தபால் ஆபீசில் இருந்தவர், யார் வேண்டுமானாலும் செய்யலாம். விருப்பமுள்ளவர்கள் போவதற்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.