பெயரெழுதும் பொறுப்பு

(முதல் வகுப்புச் சேர்க்கையை முன்னிட்டு, திருவொற்றியூர் வட்டார ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், முதல் எழுத்துக்கே ஒருவர் ‘டி ஐ’ என்பார், மற்றொருவர் ‘டி எச் ஐ’ என்பார். 2020இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வந்தது. விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயருக்கே இந்தப் பாடென்றால், மனிதர் பெயருக்குக் கேட்க வேண்டுமா?

1860 அக்டோபரில் நம் சென்னைக் கரையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. துறைமுகம் கட்டப்படாத காலம் அது. 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் பதிவாயின. காலப்போக்கில் பலருக்குச் சாதிப் பட்டமே குடும்பப் பெயராக நிலைத்தது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த குவாதலூப் தீவிலோ முத்துசாமியின் ‘மு’வை ‘எம் ஓ யு’ என்று எழுதினார்கள்.

இன்று வேர் தேடி வரும் கொள்ளுப்பேரன் எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பினால் வழி தவறுவான். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தகப்பன் பெயரும் வயதும் கிராமமும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைக் கைவிடச் சொன்னது; அது நல்ல மாற்றம். இப்போது தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் முன்னே நிற்கிறது. க. முருகனின் மகன் மு. செல்வம், அவர் மகள் செ. மலர். அந்தக் ‘க’ கந்தனா, கபாலியா என்று மலருக்குத் தெரியாது.

பத்திரமும் பட்டாவும் உள்ள வீட்டுக்கு வேறு சான்று உண்டு. மீனவர் குப்பங்களிலும், 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்து எண்ணூரில் குடியேறிய குடும்பங்களிலும், பலருக்குத் தகப்பன் பெயரை முழுதாகச் சொல்லும் பழைய ஏடு பள்ளிச் சேர்க்கைப் பதிவேடாகத்தான் இருக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பிறப்புச் சான்றில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பதியுங்கள். நம் விருப்பப்படி ஓர் ‘எச்’ சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். பிற்காலத்தில் மதிப்பெண் சான்றும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாமல் அலையப் போவது அந்தப் பிள்ளைதான். எழுதியதும் பெற்றோரிடம் வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் இரண்டு முறை வாசியுங்கள். பெற்றோர் பெயரை முதலெழுத்தோடு நிறுத்தாமல் முழுமையாகப் பதியுங்கள்.

வகுப்பிலும் ஒரு வேலை கொடுக்கலாம். என் மாணவர்களிடம் தாத்தா, பாட்டி இருவழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். சாதிப் பட்டம் வேண்டாம், பெயரும் ஊரும் போதும் என்பேன். தெரியாத இடத்தை வெற்றாக விட்டு வரலாம். வீட்டில் யாரையாவது கேட்டு அதை நிரப்ப அவர்களே முனைவார்கள்.