கடைசி வீரன் கிளம்பிய பிறகு



அந்நிய மண்ணில் நடக்கும் போர் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்போது, படையை அனுப்பிய நாட்டில் ஒரு கேள்வி கிளம்பும். நம் பிள்ளைகள் அங்கே எதற்காகச் சாகிறார்கள், அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டால் என்ன? சவப்பெட்டி வந்து இறங்கிய வீடுகளில்தான் அது முதலில் எழும். பிறகு கடைத்தெருவில் கேட்கும். ஆட்சியாளர்களின் காதில் அது விழுவதற்குள் இன்னும் சில ஆயிரம் பேர் செத்திருப்பார்கள்.

படையைத் திரும்பப் பெறலாமா கூடாதா என்ற இந்த விவாதத்தை இன்று ஆப்கானிஸ்தானை வைத்துப் பார்க்கலாம். நாற்பது சொச்சம் ஆண்டுகளுக்குள் இரண்டு வல்லரசுகள் அங்கே போய்ச் சிக்கி, இரண்டும் திரும்பி வந்தன. சோவியத் படை 1979 டிசம்பரில் நுழைந்து 1989 பிப்ரவரியில் வெளியேறியது. அமெரிக்கா 2001 அக்டோபரில் தாக்குதலைத் தொடங்கி 2021 ஆகஸ்டில் வெளியேறியது. மண் ஒன்று, கேள்வி ஒன்று. ஆனால் வெளியேறிய விதமும் வேறு, அதன் பிறகு நடந்ததும் வேறு.

முதலில் சோவியத் கதை. 1985 மார்ச்சில் கோர்பச்சேவ் சோவியத் தலைவராகப் பதவிக்கு வந்தபோது போர் ஆறாவது ஆண்டில் இருந்தது. அந்த அக்டோபரில் நடந்த, கட்சியின் உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோவின் கூட்டத்தில், மக்களிடமிருந்து வந்த கடிதங்களை அவர் வாசித்துக் காட்டினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எழுதியிருந்தார்கள், களத்தில் இருந்த வீரர்கள் எழுதியிருந்தார்கள். இந்தப் போர் எதற்கு என்பதுதான் எல்லாக் கடிதங்களின் சாரமும். 1986 பிப்ரவரியில், கட்சியின் மாநாட்டு மேடையிலேயே அந்தப் போரை ரத்தம் கசியும் புண் என்று அவர் குறிப்பிட்டார். அதே ஆண்டு நவம்பரில் படைத் தலைமைத் தளபதி மார்ஷல் அக்ரோமேயேவ் பொலிட்பீரோவிடம் நிலைமையை ஒளிவுமறைவில்லாமல் விவரித்தார். ஆப்கானிஸ்தானில் சோவியத் சிப்பாயின் கால் படாத இடம் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை, ஆனாலும் நாட்டின் பெரும்பகுதி எதிரிகள் கையில்தான் இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சுருக்கம். படை ஒரு பள்ளத்தாக்கைப் பிடிக்கும். அங்கிருந்து நகர்ந்ததும், அதை எதிர்த்துப் போரிட்ட முஜாகிதீன்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

நாட்டின் தலைவருக்குத் தெரிந்துவிட்டது, தளபதிக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கடைசி வீரன் வெளியேற இரண்டே கால் ஆண்டுகள் ஆயின. ஏன் இந்தத் தாமதம்? மாஸ்கோவுக்குத் தன் முகம் முக்கியமாக இருந்தது. தோற்று ஓடியதாக அமெரிக்கா சொல்லிவிடக் கூடாது, நம்பியிருந்த காபூல் அரசை நடுத்தெருவில் விட்டதாக நட்பு நாடுகள் நினைத்துவிடக் கூடாது. பேச்சுவார்த்தை நீண்டது. 1988 ஏப்ரல் 14 அன்று ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தாகி, மே 15 அன்று படைவிலகல் தொடங்கியது. 1989 பிப்ரவரி 15 அன்று ஆமூ தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து, 40ஆவது படையின் தளபதி போரிஸ் குரோமோவ் சோவியத் எல்லைக்குள் கால் வைத்தார். ஒன்பது ஆண்டுக் கணக்கில் சுமார் 15,000 சோவியத் வீரர்கள் இறந்திருந்தார்கள். ஆப்கானியர்களில் பத்து லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகப் போனவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

இனிமேல் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. சோவியத் படை போனதும், காபூலில் அது தாங்கிப் பிடித்திருந்த நஜிபுல்லா அரசு சில மாதங்களில் கவிழ்ந்துவிடும் என்று மேற்கு நாடுகளில் பலர் கணித்தார்கள். 1989 மார்ச்சில், பாகிஸ்தான் உளவுத்துறையின் ஆதரவோடு முஜாகிதீன்கள் ஜலாலாபாத்தைத் தாக்கினார்கள். நகரம் விழவில்லை. நஜிபுல்லா மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தார். சோவியத் வீரர்கள்தான் போயிருந்தார்களே தவிர, மாவும் எரிபொருளும் வெடிமருந்தும் வந்துகொண்டிருந்தன. சிப்பாய்க்குச் சம்பளம் கிடைத்தது, விமானம் பறந்தது. பிறகு சோவியத் ஒன்றியமே கலைந்தது. 1992 பிறந்தபோது உதவி நின்றது. அரசோடு இருந்த தளபதி தோஸ்தம் அணி மாறினார். அந்த ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்தது. நாட்டை விட்டுப் போக விமான நிலையம் கிளம்பிய நஜிபுல்லாவை அங்கே வழிமறித்துத் திருப்பிவிட்டார்கள். ஐ.நா. வளாகத்தில் அடைக்கலம் புகுந்தவரை, 1996இல் காபூலைப் பிடித்த தாலிபான்கள் கொன்றார்கள்.

நஜிபுல்லா நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. சித்திரவதைக்குப் பெயர்போன ரகசியப் போலீஸின் தலைவராக இருந்தவர் அவர். கிடைத்த மூன்று ஆண்டுகளில் சமரசம் ஒன்றை எட்ட அவராலும் முடியவில்லை, எதிர்த்தவர்களாலும் முடியவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: படை போன நாளில் அந்த அரசு விழவில்லை, படியளப்பது நின்றபோதுதான் விழுந்தது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பழிவாங்கவும் அல்காயிதாவை அழிக்கவும் போன படை அது. தாலிபான் ஆட்சி இரண்டே மாதத்தில் கலைந்தது. ஆனால் படை திரும்பவில்லை. 2009 டிசம்பரில் ஒபாமா மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். ஒரு கட்டத்தில் அங்கிருந்த அமெரிக்க வீரர்கள் மட்டும் ஒரு லட்சம் பேர். இருபது ஆண்டுகளில் சுமார் 2,400 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். செலவோ இரண்டு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. உள்நாட்டவர் சண்டை போடாமல் வேடிக்கை பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது நியாயமில்லை. அந்த இருபது ஆண்டுகளில் செத்த ஆப்கான் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் 60,000 பேருக்கும் மேல்.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பதினான்கு மாதங்களில் எல்லாரும் வெளியேறுவது என்று முடிவானது. அந்த மேசையில் காபூல் அரசுக்கு நாற்காலி இல்லை. ஆனால் அந்த அரசின் சிறையில் இருந்த தாலிபான் கைதிகளில் 5,000 பேர் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. யார் வீட்டுச் சாவியை யார் கொடுப்பது?

இன்னொரு ஷரத்தும் இருந்தது. வீரர்கள் மட்டுமல்ல, பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள், தனியார் ஒப்பந்தப் பணியாளர்கள் எல்லாருமே வெளியேற வேண்டும். கேட்க இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஆப்கான் விமானப்படையின் உயிர் அந்தப் பணியாளர்கள் கையில்தான் இருந்தது. ஆப்கான் மெக்கானிக்குகளுக்குப் பழக்கப்பட்டது ரஷ்யாவின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர். அதை அவர்களே பிரித்துப் பழுது பார்ப்பார்கள். அதை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தார்கள். அவற்றைப் பராமரிக்க வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் வேண்டும். பணியாளர்கள் போனார்கள், ஹெலிகாப்டர்கள் தரையில் நின்றன. மலையுச்சிக் காவல் சாவடியில் இருந்த சிப்பாய்க்குத் தோட்டாவும் வரவில்லை, ரொட்டியும் வரவில்லை, அடிபட்டவனைத் தூக்கிப்போக ஆளும் வரவில்லை. போதாததற்குப் படைப்பட்டியலில் இருந்த 3,00,000 பேரில் எத்தனையோ பேர் வெறும் பெயர்கள். அவர்களுடைய சம்பளம் அதிகாரிகளின் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

2021 ஏப்ரல் 14 அன்று அமெரிக்க அதிபர் பைடன் படைவிலகலை அறிவித்தார். ஜூலைத் தொடக்கத்தில், பாக்ராம் விமானத் தளத்தை அமெரிக்கர்கள் இரவோடு இரவாகக் காலி செய்தார்கள். அவர்கள் போய்விட்டது பிறகுதான் தங்களுக்குத் தெரிந்தது என்று ஆப்கான் தளபதி சொன்னார். ஆகஸ்ட் 6 அன்று முதல் மாகாணத் தலைநகரான ஸரன்ஜ் விழுந்தது. ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது, அதிபர் கனி நாட்டை விட்டு ஓடினார். சோவியத் வெளியேறிய பின் மூன்று ஆண்டுகள் நின்ற காபூல், அமெரிக்கர்கள் வெளியேறி முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. அதன் பிறகு விமான நிலையத்தில் நடந்ததை உலகமே பார்த்தது. 1,20,000 பேருக்கும் மேல் விமானத்தில் மீட்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 26 அன்று நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்க வீரர்களும் சுமார் 170 ஆப்கானியர்களும் மாண்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களாக அமெரிக்கப் படையோடு கூடவே நடந்தவர்களில் பலர், விசா மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே நின்றார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் அமெரிக்கா அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருபது ஆண்டுகளில் ஆகாதது இருபத்தோராம் ஆண்டில் ஆகிவிடுமா என்று பைடன் தரப்பு கேட்டது நியாயமான கேள்வி. படையை வைத்திருக்கச் சொல்பவர்களின் வாதங்களில் வலுவானதாகத் தோன்றுவது ஒன்று: ‘இத்தனை பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது வெளியேறினால் அந்தத் தியாகம் வீணாகிவிடாதா?’ பிள்ளையை இழந்த தாய் இதைக் கேட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் ஆட்சியில் இருப்பவர் இதைச் சொன்னால் நாம் உஷாராக வேண்டும். சூதில் விட்ட பணத்தைப் பிடிக்க வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைப்பவன் பேசுகிற பேச்சு அது. இறந்தவர்களின் பெயரால் இன்னும் சிலரைச் சாக அனுப்பலாம், இறந்தவர்களை அதனால் கௌரவிக்க முடியாது.

இரண்டாவது வாதம் மதிப்பு பற்றியது. வெளியேறினால் நம்மை யாரும் நம்பமாட்டார்கள் என்பார்கள். வியட்நாமிலும் இதைத்தான் சொன்னார்கள். நிக்சன் 1969இல் பதவியேற்று, 1973 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் சுமார் 20,000 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். 1975இல் சைகோன் விழுந்தது. அதனால் அமெரிக்காவின் கூட்டணிகள் உடைந்துவிட்டனவா? ஜப்பான் விலகவில்லை, நேட்டோ கலையவில்லை. 1995இல் வியட்நாமே அமெரிக்காவோடு முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டது. தாமதம் எந்த மதிப்பையும் காப்பாற்றவில்லை. சைகோனிலும் ஒரு செய்தி இருக்கிறது. படைகள் போன உடனே அந்த நகரம் விழவில்லை. படைகள் போய் இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்க நாடாளுமன்றம் உதவியை வெட்டத் தொடங்கிய பிறகுதான் விழுந்தது.

மூன்றாவது வாதம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. நம்மை நம்பி வந்தவர்களின் கதி என்ன? தமிழர்களுக்கு இது தொலைதூரக் கேள்வி அல்ல. 1987 ஜூலையில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் வீரர்களை இழந்து, 1990 மார்ச் 24 அன்று முழுவதுமாகக் கிளம்பியது. அந்தப் படை இருந்த காலமும் வடகிழக்கு மக்களுக்குக் கொடுமையாகவே இருந்தது. அது போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதன் நிழலில் அமைந்த மாகாண அரசும், அதன் கையால் ஆயுதம் பெற்ற இளைஞர்களும் என்ன ஆனார்கள்? முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்கு வந்துவிட்டார். மற்ற எல்லாருக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ஜூனில் மீண்டும் போர் மூண்டது.

ஆகவே நேயர்களே, என் முடிவு இது. வெல்ல வழியில்லை என்று தளபதிகளுக்கே தெரிந்துவிட்ட போரிலிருந்து படையை அழைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். கையில் படை இருக்கும்போது பேசினால் எதிரி கொஞ்சம் விட்டுக்கொடுப்பான். போகும் தேதியை உலகத்துக்கே அறிவித்த பிறகு பேசினால், தேதி வரும்வரை அவன் காத்திருந்தால் போதும். ஆனால் படையைத் திரும்பப் பெறுவதும் பொறுப்பைக் கைகழுவுவதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் விவாதம் கெட்டுப்போகிறது. இருக்கச் சொல்பவர்கள் போவதே துரோகம் என்கிறார்கள். போகச் சொல்பவர்கள் போய்விட்டால் கணக்கு தீர்ந்தது என்கிறார்கள்.

கணக்கு தீர்வதில்லை. காபூல் விழுந்தபோது ஆப்கான் அரசின் பொதுச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டுப் பணத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பணம் ஒரே நாளில் நின்றது. அமெரிக்காவில் இருந்த ஆப்கான் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலரும் முடக்கப்பட்டது. தாலிபானைத் தண்டிக்கப் போய், அந்தக் குளிர்காலத்தில் சம்பளம் இல்லாமல் நின்றவர்கள் வாத்தியார்களும் நர்சுகளும்தான்.

அதனால், இனி எந்த நாட்டின் தலைவர் வந்து படைவிலகல் தேதியை அறிவித்தாலும், கைதட்டுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அங்கே மிஞ்சப்போகிற அரசோடு பேசினீர்களா? அடுத்த மூன்று வருடத்துக்கு அந்த ஊர்ச் சிப்பாய்க்கும் வாத்தியாருக்கும் சம்பளம் எந்தத் தலைப்பில் ஒதுக்கியிருக்கிறீர்கள்? உங்களுக்கு வழிகாட்டிய மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே, அவர்களுக்கு விசா எப்போது? போருக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும் இவற்றுக்கெல்லாம். அதையும் தர மனமில்லாதவர்கள், படையை அனுப்பும்போது அந்த மக்களுக்காகத்தான் போகிறோம் என்று சொல்லியிருக்கக் கூடாது.