மின்னஞ்சல் தவறினால் யாரைக் கேட்பது?



எமது சங்க அழைப்பிதழ் இப்போது மின்னஞ்சலில்தான் போகிறது. ரொறன்ரோவில் இருப்பவருக்குக் கிடைக்கும், பேசாலையில் இருப்பவருக்குக் கிடைக்காது. உடனே செயலாளரிடம், "நீர் முகவரியைப் பிழையாக அடித்திருப்பீர்" என்போம். மென்பொருளை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் 1964 புயல் வரை கப்பலில் தபால் போன நாட்களில், பிந்தி வந்த கடிதத்தின் உறையைத் திருப்பிப் பார்ப்பார்கள். எந்தக் கந்தோரில் எத்தனை நாள் கிடந்தது என்று முத்திரை சொல்லும். மின்னஞ்சலுக்கும் அந்த முத்திரைகள் உண்டு. அது கடந்து வந்த ஒவ்வொரு சேர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் மறைவாகப் பதிந்து விடுகிறது. ஜிமெயிலில் மூலச் செய்தியைத் திறந்தால் அவற்றைப் பார்க்கலாம். 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வருவதன் பொருள், முதல் சேர்வர் கையேற்றுவிட்டது என்பது மட்டுமே. முகவரி பிழையென்றால் பெரும்பாலும் திரும்பி ஓர் அறிவித்தல் வரும். ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்தால் ஒன்றும் வராது. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும், அனுப்புகிறவரின் டொமைன் உண்மையானதுதான் என்று காட்டும் பதிவுகளைக் கேட்கின்றன. அவை சரியாக இல்லாவிட்டால் செயலாளர் எவ்வளவு கவனமாகத் தட்டச்சுச் செய்தும் பயனில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதும் அப்படித்தான். அடித்தவர் தமிழைச் சரியாகவே அடித்திருப்பார்.

அப்படியானால் பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வைத்தியர்கள் செய்வதைத்தான் சொல்லலாம். ஒரு வீட்டில் வயிற்றோட்டம் என்றால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்போம். தெரு முழுவதும் என்றால் கிணற்றைப் பார்ப்போம். ஒருவருக்கு மட்டும் போகவில்லையா, முகவரியைப் பாருங்கள். ஒரே சேவையை வைத்திருக்கும் பலருக்குப் போகவில்லையா, செயலாளரை விட்டுவிடுங்கள்.

இதே கேள்வி எமது நாட்டிலேயே பெரிய அளவில் எழுந்தது. 2023 ஓகஸ்ட் 26இல் லங்கா கவர்மென்ட் கிளவுட் எனப்படும் அரச சேர்வர்கள் கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் அன்று வரை வந்தவை அழிந்தன. சில வாரங்களாகச் சந்தேகத்துக்குரிய இணைப்புகள் வந்துகொண்டிருந்தன, யாரோ ஒருவர் அவற்றைத் திறந்திருக்கலாம் என்று சொல்லப்பட்டது. 'யாரோ ஒருவர்' என்றதும் எமக்கு ஏதோவொரு கந்தோரின் எழுதுவினைஞர்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆனால் அங்கு ஓடியது 2013ஆம் ஆண்டின் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11உடன் நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலிருந்தே இருந்தும், பணப் பற்றாக்குறையாலும் சபைத் தீர்மானங்களாலும் பிந்தியது என்று பொறுப்பான அரச முகவரகமே சொன்னது. சேவை 12 மணித்தியாலத்துக்குள் திரும்பியது. கடிதங்கள் திரும்பவில்லை. அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. நாளாந்தம் தனியாகப் பிரதி எடுக்கும் வழக்கம் அதன் பிறகுதான் வந்தது. ஒரு விரல் தட்டியதால் திருடன் உள்ளே வந்திருக்கலாம். பிரதி இல்லாமற் போனதற்கு அந்த விரலைக் குற்றஞ்சாட்ட முடியாது.

வாட்டில் ஒரு தாதி பொட்டாசியம் குளோரைட்டை வேறு மருந்தென்று ஏற்றிவிட்டால் முன்பு அவரைத்தான் விசாரிப்பார்கள். இன்று, ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு குப்பிகளை ஒரே தட்டில் வைத்தது யார் என்றும் கேட்கிறோம். செறிவான பொட்டாசியத்தைச் சாதாரண வாட்டுகளிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பது அப்படிக் கேட்டதால் வந்த முடிவு.

அடுத்த அழைப்பிதழ் கிடைக்காவிட்டால், தயவுசெய்து முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்புத் தோழிகள் இருவரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் வரவில்லையென்றால், மூவரும் எந்த மின்னஞ்சல் சேவை என்று குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். அங்கத்தவர் பட்டியலை இனி இரண்டு இடங்களில் வைத்திருக்கச் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம். ஒன்று கணினியில், மற்றது கல்லூரி அலுமாரியில், கடதாசியில்.