பாறையில் பதிந்த அலை

தில்லி ஜனக்புரியில் போர்வெல் இறக்கும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் செங்கல் துண்டும் சிமென்ட்டும் வரும். பிறகு மஞ்சள் மணல், களிமண், நடுநடுவே தில்லிக்காரர்கள் கங்கர் என்று சொல்லும் சுண்ணாம்புப் பருக்கை. அந்த மணலும் களிமண்ணும் ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்து சேர்த்த வண்டல். அந்த மண்ணின்மேல்தான் நாம் வீடு கட்டி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம்.

மெட்ரோவில் கிழக்கே கரோல்பாக் பக்கம் போனால் ரிட்ஜ் குன்றுகள். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி அது. இமயமலை எழத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தக் குன்றுகளின் குவார்ட்சைட் பாறைக்கோ 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. தில்லிக் குன்றுகளில் சில பாறைகளை உற்றுப் பார்த்தால் வரிவரியாக மேடுபள்ளம் தெரியும். மெரினாவில் அலை வடிந்ததும் ஈரமணலில் விழுகிற அதே வரிகள். ஒரு காலத்தில் இந்தப் பாறையும் மணலாக, ஆழமில்லாத நீருக்கு அடியில் கிடந்தது. அந்தக் கரையில் நண்டு இல்லை, மீன் இல்லை, ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. அலையைப் பார்க்க உலகில் கண் என்ற ஒன்றே உண்டாகவில்லை.

நம் மனித இனத்துக்கு வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். ஒரு மனிதருக்கு எண்பது, தொண்ணூறு. இதை நினைத்தால் நெஞ்சில் ஒரு வெறுமை வரும். எதற்கு இத்தனை பாடு என்று தோன்றும்.

அந்தக் கேள்விக்கு இதே பாறையில் ஒரு பதில் இருக்கிறது. தில்லியின் ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் பகுதியில் 1966இல் அசோகரின் கல்வெட்டு ஒன்று தெரியவந்தது. ஆரவல்லிப் பாறையில் பிராமி எழுத்தில் வெட்டியது. பேரரசு போய்விட்டது, எழுத்துகளும் தேய்ந்துவிட்டன. சிறியவரும் பெரியவரும் அறத்தில் முயல வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது.

முயன்றால் என்ன ஆகும், முயலாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் பக்கத்தில் ஓடும் நஜப்கர் சாக்கடை, ஆரவல்லியில் பிறந்த சாகிபி ஆற்றின் வழி. அந்த ஆற்றைச் சில தலைமுறைகளுக்குள் கழிவுநீர்க் கால்வாயாக்கிவிட்டோம். அதே ஜனக்புரியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கிறது. வேலை தேடி வடக்கே வந்தவர்கள், ஊர்விட்டு ஊர் வந்த இடத்திலும் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்று வளர்த்த கழகம் அது. முதலில் பாடுபட்டவர்கள் இன்று இல்லை. அவர்கள் முகம்கூடப் பார்த்திராத குழந்தைகள் அங்கே தமிழ் எழுதக் கற்கிறார்கள்.

சாக்கடையும் பள்ளியும் குறைந்த ஆயுள் கொண்ட மனிதர்கள் செய்தவைதாம். வாழ்நாள் சிறியது என்பதால் நம் செயலும் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. நாம் போன பிறகு இந்த மண்ணில் நடக்கப்போகிறவர்களுக்கு ஆற்றைத் தருவதா, சாக்கடையைத் தருவதா என்பது நம் கையில், நாம் இருக்கும் இந்தச் சில ஆண்டுகளில்தான் இருக்கிறது.