நிருபர் முதலீட்டாளரான வரலாறு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"வரலாறு படித்தவன் பிழைப்புக்கு என்ன செய்வான்?" என்று இக்குடியிருப்பில் பெற்றோர் பலர் என்னைக் கேட்டதுண்டு. அதற்கு விடையாக மைக்கேல் மொரிட்ஸ் என்பாரது இளமைக் காலத்தைச் சொல்ல விழைகின்றேன்.

அவர் 1954ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி இளம் வயதிலேயே பிரிட்டன் வந்து சேர்ந்தவர்கள். தந்தையார் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த பேராசிரியர். வேற்றூரில் குடியேறியோர் வீட்டில் கல்விக்கு உள்ள மதிப்பை இவ்வவைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், நாம் வந்தது வேலைக்காக. அவர்கள் வந்தது உயிருக்காக.

மொரிட்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்றார். பின்னர் அமெரிக்காவில் வார்ட்டன் கல்லூரியில் வணிகப் பட்டமும் பெற்றார். அதனை நான் மறைத்தல் முறையன்று. எனினும் அவர் அமர்ந்த பணி, 'டைம்' வார இதழின் நிருபர் பணியே. ஆப்பிள் கணிப்பொறி நிறுவனத்தைப் பற்றி ஒரு நூல் எழுத அவர் முற்பட்டார். அதன் தலைவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸும் இசைந்து, நிறுவனத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்.

இங்கேதான் இடி விழுந்தது. 1982ஆம் ஆண்டின் மனிதராகத் தம்மையே 'டைம்' தேர்ந்தெடுக்கும் என ஜாப்ஸ் எதிர்பார்த்திருந்தார். இதழோ கணிப்பொறியைத் தேர்ந்தெடுத்தது! உடன் வெளிவந்த கட்டுரை ஜாப்ஸின் குறைகளையும் சொந்த வாழ்க்கையையும் அலசியது. மொரிட்ஸ் திரட்டி அனுப்பிய செய்திகளை நியூயார்க்கில் இருந்தவர்கள் தம் போக்கில் மாற்றி எழுதியிருந்தனர். ஜாப்ஸ் சினந்து கதவை அடைத்தார். தம் உழைப்பு உருத்திரிந்ததே என்று மொரிட்ஸும் அவருக்குக் குறையாமல் கொதித்தார். பிறர் எழுதியதற்குப் பழி சுமப்பதைக் காட்டிலும் எழுத்தாளனுக்கு வேறு துன்பம் உண்டோ? ஆயினும் அவர் நூலைக் கைவிடவில்லை. 'தி லிட்டில் கிங்டம்' 1984இல் வெளிவந்தது.

பின்பு அவர் இதழை விட்டு விலகி, 1986இல் செக்கோயா நிறுவனத்தில் சேர்ந்தார். ஈடாக வைக்க நிலமோ நகையோ இல்லாத இளைஞரின் புதுத் தொழிலுக்குப் பணம் தந்து, வட்டிக்குப் பதிலாகப் பங்கு பெறுவது அந்நிறுவனத்தின் தொழில். பத்து முயற்சிகளில் பல மூழ்கிப் போகும். ஒன்றிரண்டே கரை சேரும். அதனை நிறுவிய டான் வாலன்டைன், ஆப்பிளுக்குத் தொடக்கத்திலேயே பணம் தந்தவர். பொறியியல் கல்லாத மொரிட்ஸுக்கு அங்கு இடமளித்தவரும் அவரே. அன்னியரிடம் சென்று கேள்வி கேட்பதும், சொன்னதையும் சொல்லாததையும் எடைபோடுவதும் நிருபரின் கலை. முதலீட்டாளனுக்கும் அதுவே மூலதனம் என்பது என் துணிபு.

1995இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்னும் மாணவர் இருவரைக் காண மொரிட்ஸ் சென்றார். அவர்களின் அறையில் கணிப்பொறிகளின் வெப்பம், தரையில் உணவுப் பெட்டிகள், துவைக்காத துணிகள்! நம் தாய்மார்கள் கண்டிருந்தால் முதலில் துடைப்பத்தைத் தேடியிருப்பார்கள். இணையத்தில் உள்ளவற்றை வகைப்படுத்தி இலவசமாகக் காட்டும் 'யாஹூ' அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. இலவசப் பண்டத்தில் இலாபம் எங்ஙனம் வரும் என்ற ஐயம் அன்று இயல்பே. செக்கோயா பணம் தந்தது. 1996 ஏப்ரலில் யாஹூ பங்குச் சந்தைக்கு வந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகத்து மாணவர் வேறு இருவர் தொடங்கிய கூகுளிலும் மொரிட்ஸ் முதலீடு செய்வித்தார். அப்போது அந்த வரலாற்று மாணவருக்கு வயது 44.